கோ நீயை நாம் அறிவோமா?

மியன்மார் என்றதும் நமக்கு அகதிப் படகுகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. கவலைப்படுகிறோம், துஆச் செய்கிறோம், படங்களைப் பகிர்கிறோம். அங்கே இராணுவத்தைச் சட்டத்தைக் கொண்டே எதிர்த்த ஒரு முஸ்லிம் சட்டத்தரணியின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2008ஆம் ஆண்டு அரசியலமைப்பு பாராளுமன்றத்தில் 25 சதவீத ஆசனங்களை இராணுவத்துக்கு ஒதுக்கியது. அதைத் திருத்த 75 சதவீதத்துக்கு மேல் வாக்கு வேண்டும். இராணுவம் விரும்பாமல் எதுவும் மாறாது. ஆங் சான் சூகி ஜனாதிபதியாகவும் முடியாது. கோ நீ அதற்குள்ளேயே வழி கண்டார். 2016இல் சூகிக்காக உருவான 'அரச ஆலோசகர்' பதவி அவர் யோசனை. அரசியலமைப்பையே மாற்ற வேண்டும் என்றும் பகிரங்கமாகப் பேசினார்.

2015 தேர்தலில் அவரது கட்சி ஒரு முஸ்லிமைக்கூட நிறுத்தவில்லை. அதைக் கண்டித்தார், ஆனால் ஒதுங்கிப் போகவில்லை.

2017 ஜனவரி 29, யங்கோன் விமான நிலையம். பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தபோதே சுட்டுக் கொன்றார்கள். கொலைகாரனைத் துரத்திய டாக்ஸி சாரதி நே வின்னும் சுடப்பட்டு இறந்தார்.

அகதிகளின் கதையை மட்டும் சொன்னால் நம் பிள்ளைகள் பரிதாபப்படத்தான் பழகுவார்கள். கோ நீயின் கதையையும் சொல்வோம். சட்டத்தை வாசிக்கவும் உரிமைக்காக வாதாடவும் பழகட்டும்.