ட்ராக்கிங் நம்பர் மட்டும் போதாது

இணையத்தில் கடை நடத்துகிறவர்களிடம் ஒரு கருத்து வேரூன்றிக் கிடக்கிறது: பார்சல் கிளம்பியதும் போகிற மெயிலை யாரும் படிப்பதில்லை. ‘உங்கள் ஆர்டர் அனுப்பப்பட்டது’ என்று ஒரு வரி, கீழே ட்ராக்கிங் நம்பர், அவ்வளவு போதும். சிறு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்ல வருகிறவர்களும் இதையே ஓதுகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் நிற்கவில்லை.

ஆடித் தள்ளுபடி மெயிலைப் பலர் படிப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மெயில் போகும் நேரத்தில் வாடிக்கையாளரின் பணம் கடைக்காரரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. பொருளோ இன்னும் வீடு வரவில்லை. அவர் கையில் இருப்பது இந்த மெயில் ஒன்றுதான். அதைப் படிக்காமல் வேறு எதைப் படிப்பார்? ‘எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கு எங்களிடம் இருக்கிறதே’ என்பார்கள். மெயிலுக்குள் ஒளித்துவைத்த, கண்ணுக்குத் தெரியாத படம் ஒன்று இறங்குவதை வைத்துப் போடும் கணக்கு அது. 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த அந்தரங்கப் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டவர்களுக்கு, அவர்கள் மெயிலைத் திறக்காவிட்டாலும் அந்தப் படம் முன்கூட்டியே இறங்கிவிடுகிறது. படங்களைத் தடுத்து வைத்திருப்பவர் ஒரு வரி விடாமல் படித்தாலும் கணக்கில் வரமாட்டார்.

அடுத்த வாதம்தான் பலமானது போலத் தோன்றுவது: ட்ராக்கிங் நம்பர் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளட்டும். ஸ்பீடு போஸ்ட் நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்து, ஆக 13. அது தபால் துறை தன் வசதிக்காக வைத்துக்கொண்ட அடையாளம். இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் பார்சல் பையில் போடப்பட்டது, பை அனுப்பப்பட்டது, இன்னொரு நிலையத்தில் பெறப்பட்டது என்று வரும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வரவழைக்கும் சென்னைக்காரருக்குப் பை எங்கே போனால் என்ன? என்றைக்கு வரும், அதுவரை கெடாதா, பகலில் வீட்டில் ஆள் இருக்க வேண்டுமா, இவைதான் அவர் கேள்விகள். இப்படி எழுதினால் என்ன குறைந்துவிடும்:

‘நீங்கள் கேட்ட அரை கிலோ பால்கோவா இரண்டு டப்பாவும் இன்று மாலை ஸ்பீடு போஸ்டில் சேர்த்தாயிற்று. வியாழன் அல்லது வெள்ளி உங்களுக்குக் கிடைக்க வேண்டும். நேற்றுக் காலை கிளறியது. டப்பாவின் மேல் கடைசித் தேதி இருக்கிறது. பணம் முழுவதும் கட்டிவிட்டீர்கள், தபால்காரரிடம் எதுவும் தர வேண்டியதில்லை. சனிக்கிழமைக்குள் வராவிட்டால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள், நாங்கள் விசாரிக்கிறோம்.’

ட்ராக்கிங் நம்பரை இதற்குக் கீழே போடட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது?

அந்த நம்பரிலேயே இன்னொரு கோளாறும் உண்டு. பல கடைகளில் முகவரிச் சீட்டு அச்சான நொடியிலேயே ‘அனுப்பப்பட்டது’ என்று மெயில் தானாகப் போய்விடும். பார்சல் இன்னும் மேசைக்கடியில் கிடக்கும். கூரியர் பையன் நாளை மறுநாள்தான் எடுக்க வருவான். வாடிக்கையாளர் நம்பரைப் போட்டுப் பார்க்கிறார், ஒன்றும் வரவில்லை. அவர் சந்தேகப்படுவது கூரியரை அல்ல, கடையை. பிக்கப் ஆன பிறகு மெயில் போகும்படி மென்பொருளில் மாற்றிவைப்பது பெரிய வேலையும் இல்லை.

‘விவரம் கூடினால் மிரண்டுவிடுவார்கள், சுருக்கமாக இருக்கட்டும்’ என்பது காலம் மாறியதைக் கவனிக்காதவர்களின் பேச்சு. இன்றைக்கு மொட்டையான செய்தியைப் பார்த்துத்தான் மிரள வேண்டியிருக்கிறது. ‘உங்கள் பார்சலைக் கொடுக்க முடியவில்லை, முகவரி முழுமையாக இல்லை, இந்த லிங்கில் உடனே திருத்துங்கள்’ என்று இந்தியா போஸ்ட் பெயரில் எத்தனை பேருக்கு எஸ்எம்எஸ் வந்திருக்கிறது! மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவே, முகவரியைத் திருத்தச் சொல்லித் தபால் துறை இப்படிச் செய்தி அனுப்புவதில்லை என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. அந்தப் போலிச் செய்தியில் என்ன பொருள், எந்தக் கடை, எப்போது வாங்கியது என்ற எதுவும் இருக்காது. மோசடிக்காரனுக்கு அது தெரியாது, ஆகவே எழுத முடியாது. அவனால் எழுத முடியாததை எழுதுவதுதான் நிஜக் கடைக்கு அடையாளம்: பொருளின் பெயர், ஆர்டர் எண், கட்டிய தொகை. கூடவே, ‘எந்த லிங்கையும் தொட வேண்டாம், ஓடிபி கேட்டு நாங்கள் அழைக்க மாட்டோம்’ என்று ஒரு வரி. கேஷ் ஆன் டெலிவரி என்றால் எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும் என்பதும் அங்கேயே.

தாமதத்தைச் சொன்னால் ஆர்டரை ரத்து செய்துவிடுவார்கள் என்கிறார்கள். சிலர் செய்வார்கள், அது அவர்கள் உரிமை. அமெரிக்காவில் அது சட்டமாகவே இருக்கிறது. அஞ்சல்வழி விற்பனைக்காக 1975-இல் அங்கே வந்த விதி, சொன்ன நாளில் அனுப்ப முடியாவிட்டால் வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, காத்திருக்கவோ பணத்தைத் திரும்பப் பெறவோ வாய்ப்புத் தரச் சொல்கிறது. நாள் எதுவும் சொல்லியிருக்காவிட்டால் பொதுவாக 30 நாள் கெடு. மழையால் லாரி நின்றுவிட்டது என்று கடை முந்திக்கொண்டு சொல்வது வேறு, நாலு நாள் கழித்து அவர் துருவிக் கேட்டபின் சொல்வது வேறு.

வேடிக்கையாக எழுதினால் போதும் என்றொரு கட்சியும் இருக்கிறது. அவர்கள் காட்டும் சான்று, டெரெக் சிவர்ஸ் 1998-இல் அமெரிக்காவில் தொடங்கிய சிடி பேபி கடையின் மெயில். குறுந்தகட்டை ஊரே கூடி வழியனுப்பித் தனி விமானத்தில் ஏற்றியதாக அளக்கும் அந்த மெயில் நன்றாகத்தான் இருந்தது. பாட்டு கேட்கத் துடிப்பவருக்கு அது சரி. அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை வரவழைத்தவரிடம் விமானக் கதை சொன்னால் என்ன ஆகும்?

கடைசியாக, ‘இந்த மெயிலுக்குப் பதில் அனுப்பாதீர்கள்’ என்ற வாசகம். பதிலைத் திறந்துவிட்டால் வேலை பெருகும் என்பது சாக்கு. நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்கச் சொல்கின்றன. எப்படியும் யாரோ ஒருவர் பதில் எழுதத்தான் வேண்டும். கதவு எண்ணைத் தப்பாகக் கொடுத்துவிட்டோம் என்று வாடிக்கையாளர் கண்டுபிடிக்க நல்ல வாய்ப்பு, தன் முகவரியை இந்த மெயிலில் மறுபடி பார்க்கும்போதுதான். அந்த நேரத்தில் அவர் ஒரு வரி எழுதிவிட்டால், பார்சல் தப்பான தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் கூரியர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிடலாம்.