தாய் மலேசியர், பிள்ளை மட்டும் அந்நியரா?



தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். ஆனால் எல்லாப் பெண்களுக்கும் அது வாய்ப்பதில்லை. நம் தோட்டத்துப் பெண் ஒருத்தி தமிழ்நாட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு திருச்சிப் பக்கம் போகிறாள். இன்னொருத்தி வெளிநாட்டில் வேலைக்குப் போன இடத்தில் இந்தியப் பிரஜையை மணக்கிறாள். வயிறு கனத்த பிறகு விமானம் ஏற வேண்டாம் என்கிறார் டாக்டர். அல்லது டிக்கெட்டுக்குக் காசு இல்லை. பிள்ளை அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் பிறக்கிறது. மூன்று நான்கு நாள் படுக்கையில் இருந்துவிட்டு, ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பிறப்புப் பத்திரமுமாகத் தாய் வெளியே வருகிறாள்.

அந்தத் தாய் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் பிள்ளையின் தலையெழுத்து அந்தப் படுக்கையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

புக்கிட் காத்திலிலிருந்து ஒரு பாட்டி என்னைப் பார்க்க வந்தார். மகள் வெளிநாட்டில் கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு திரும்பிவிட்டாள். மூத்தவன் அங்கே பிறந்தவன்; இளையவள் மலாக்காவில் பிறந்தவள். ஒரே தாய், ஒரே தகப்பன். தங்கச்சி மலேசியப் பிரஜை. அண்ணனோ வருகையாளர் விசாவில் பாட்டி வீட்டில் தங்கியிருக்கும் 'வெளிநாட்டவன்'. காய்ச்சல் வந்தால் அவனுக்கு வெளிநாட்டவர் கட்டணம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தனி அனுமதி. ஓர் அலுவலகக் கவுண்டரில், "எங்கே பெற்றீர்களோ அங்கேயே போய்க் கேளுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "ஐயா, நான் இந்த மண்ணிலே பால் மரம் வெட்டினவள், என் பேரன் எப்படி வெளிநாட்டான்?" என்று அந்த அம்மா கேட்டார்.

நியாயமான கேள்வி. சட்டம் என்ன சொன்னது என்று பாருங்கள். கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி, வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையின் 'தகப்பன்' மலேசியராக இருந்தால் குடியுரிமை உண்டு. தாய் என்ற சொல்லே அங்கு இல்லை. தாய் செய்யக்கூடியது, 15(2) பிரிவின் கீழ் மனுப்போட்டுக் காத்திருப்பது மட்டுமே. அது உரிமை அல்ல, அரசாங்கத்தின் தயவு. வருடக்கணக்கில் காத்திருந்து, காரணமே சொல்லாமல் மறுக்கப்பட்டவர்கள் ஏராளம்.

இதில் ஏழைக்கு ஒரு நீதி, பணக்காரனுக்கு ஒரு நீதி. வசதியுள்ளவள் நேரத்தோடு டிக்கெட் எடுத்து ஊருக்கு வந்து பெற்றுக்கொள்வாள். அவள் பிள்ளை பிறக்கும்போதே பிரஜை. வசதியில்லாதவள் பிள்ளை அந்நியன். தாயின் மணிபர்ஸைப் பார்த்தா பிள்ளையின் நாட்டை முடிவு செய்வது?

மலேசியத் தாய்மார்கள் ஆறு பேரும் ஃபேமிலி ஃபிரண்டியர்ஸ் இயக்கமும் நீதிமன்றம் போனார்கள். 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தாய்மார்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அரசாங்கம் மேல்முறையீடு செய்தது. 2022 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. தாய்மார்கள் பக்கம் நின்ற அந்த ஒரு நீதிபதி, எஸ். நந்த பாலன்.

ஆனாலும் போராட்டம் வீண் போகவில்லை. 2024 அக்டோபர் 17-ஆம் தேதி மக்களவையில் 206 உறுப்பினர்கள் ஆதரித்து அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. 'தகப்பன்' என்றிருந்த இடத்தில் பெற்றோரில் ஒருவர் என்று மாற்றினார்கள். வரவேற்கிறோம். ஆனால் கை தட்டும் முன் முழுவதையும் படியுங்கள்!

முதலாவது, சட்டம் நடப்புக்கு வந்த பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்குத்தான் இது. அந்தப் பாட்டியின் பேரனுக்கு இல்லை. இரண்டாவது, மனுப்போடும் வயது வரம்பு 21-லிருந்து 18-ஆகக் குறைக்கப்பட்டது. மூன்றாவது, நம் சமுதாயத்தை நேராகத் தாக்குவது: இந்நாட்டில் பிறக்கும் பிள்ளையின் பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தாலே குடியுரிமை என்றிருந்த வாசகத்தை அதே திருத்தம் நீக்கியது. சிவப்பு அடையாளக் கார்டோடு காலம் தள்ளுகிறவர்கள் யார்? தோட்டப்புறத்தில் அவர்களை நாம் அறிவோம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதற்குப் பெயர் சீர்திருத்தமா?

இன்னொரு குழியும் இருக்கிறது. இது நாமே தோண்டிக்கொள்வது. கோயிலில் தாலி கட்டிவிட்டு, பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். 1982 மார்ச் 1 முதல் இந்நாட்டில் பதிவு செய்யாத திருமணம் சட்டத்தின் முன் திருமணமே அல்ல. அப்படிப் பிறந்த பிள்ளைக்குத் தகப்பனின் குடியுரிமை சேராது. தாயின் நிலைதான் பார்க்கப்படும். தாய் வெளிநாட்டவர் என்றால் பிள்ளையின் கதி என்ன? மலேசியத் தகப்பனுக்கும் பிலிப்பீன்ஸ் தாய்க்கும் பிலிப்பீன்ஸில் பிறந்த பிள்ளையின் வழக்கில், பெற்றோர் திருமணம் பிள்ளை பிறந்த பிறகுதான் பதிவானது. 2021 மே 28-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்று அந்தப் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்றது. அப்போதைய தலைமை நீதிபதி தெங்கு மைமுன் கூட எதிர்த்தரப்பில் இருந்தார், பலனில்லை. சில மாதத் தாமதம், பிள்ளையின் குடியுரிமையே போயிற்று.

ஆகவே உறவுகளே, மகளையோ மருமகளையோ வெளிநாட்டில் வைத்திருக்கும் வீட்டார் இதைச் செய்யுங்கள். வெளிநாட்டில் திருமணம் நடந்தால் ஆறு மாதத்திற்குள் மலேசியத் தூதரகத்தில் பதியுங்கள். பிள்ளை பிறந்தால் ஆஸ்பத்திரியை விட்டு வரும்போதே பிறப்புச் சான்றுக்கான தாள்களையும் ரசீதுகளையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஒரு வயது முடிவதற்குள் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்யுங்கள். சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது; சிங்கப்பூரில் ஹைகமிஷன் இருக்கிறது. ஏற்கனவே பிறந்த பிள்ளைக்கு இன்றே மனுப்போடுங்கள், வயது ஓடிக்கொண்டிருக்கிறது. மனுவின் நகலும் எண்ணும் இல்லாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

அரசாங்கத்திடம் நம் கோரிக்கை இரண்டே. ஏற்கனவே பிறந்த பிள்ளைகளையும் இந்தத் திருத்தத்தில் சேருங்கள். சிவப்புக் கார்டுப் பெற்றோரின் பிள்ளைகளிடம் பறித்ததைத் திருப்பிக் கொடுங்கள். பிள்ளைகள் உரிமை ஒப்பந்தத்தில் 1995-இல் மலேசியா இணைந்தது. ஆனால் ஒரு பிள்ளைக்கு நாடு உண்டு என்று சொல்லும் 7-ஆவது பிரிவை ஏற்கவில்லை. இத்தனை வருடம் ஆகியும் அதற்கு மனம் வரவில்லையா?

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் அந்தப் பாட்டியின் கேள்வியை அப்படியே கேளுங்கள். பதில் சொல்லாதவருக்கு வாசலிலேயே விடை கொடுங்கள்!