நாரைக் கழுவின தண்ணி எங்கே போச்சு?

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு வாழைநார் காம்போசிட் எடுத்திருக்கீங்களா? அப்போ இது உங்களுக்குத்தான்.

திருவையாறு பக்கம் வாழைக்கொல்லைகளைப் பார்த்திருப்பீங்க. தார் வெட்டின மரம் மறுபடி குலை தள்ளாது. அதை வெட்டி அப்புறப்படுத்தவே விவசாயிக்குக் கூலி செலவு. அந்த மட்டையை நாராக்கி, ரெசினோடு சேர்த்துப் பலகையாக்கலாம்னு சொன்னா யாருக்குத்தான் பிடிக்காது? எங்க டீமுக்கும் பிடிச்சது.

சிக்கல் ஒட்டுறதுலதான். நார் தண்ணியை இழுக்கும். ரெசினுக்குத் தண்ணி ஆகாது. போதாததுக்கு நார்மேல மெழுகு வேற. அப்படியே வார்த்து இழுத்துப் பார்த்தா, பல நார் அறாம முழுசா உருவிக்கிட்டு வந்துடும். உடைஞ்ச இடத்துல குட்டிக் குட்டி ஓட்டை. அதனாலதான் காஸ்டிக் சோடாவுல ஊறவைக்கிறோம். மெழுகும் ஹெமிசெல்லுலோசும் கொஞ்சம் லிக்னினும் கழன்று, மேற்பரப்பு சொரசொரப்பாகி, ரெசின் கவ்விக்கும். சிலேன் பூசினா அது ஒரு கையால் நாரையும் மறு கையால் ரெசினையும் பிடிச்சுக்கும். இதெல்லாம் எல்லா ரிப்போர்ட்டிலும் இருக்கு.

இல்லாத கணக்கு ஒண்ணு போடுவோம். வழக்கமா எடுக்கிறது 5 சதவீதக் கரைசல், அதாவது லிட்டருக்கு 50 கிராம் சோடா. ஒரு கிலோ நார் நல்லா மூழ்க 20 லிட்டர்னு வெச்சுக்கோங்க. பெருக்கிப் பாருங்க: ஒரு கிலோ நாருக்கு ஒரு கிலோ சோடா! பிஎச் கிட்டத்தட்ட 14. அதுக்கப்புறம் 7 வர்ற வரைக்கும் அலசல். ஆறு, வாய்க்கால்ல விடுற கழிவுநீருக்கு விதி அனுமதிக்கிறது 5.5-லிருந்து 9 வரைதான். நாங்க அந்தப் பழுப்புத் தண்ணியை அப்படியே சிங்க்ல ஊத்தினோம். வருஷா வருஷம் ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பாங்களான்னு காத்துக்கிட்டிருக்கிற ஊர்ல!

"லேப்ல 200 கிராம் நாருக்கு இவ்வளவு பேச்சா?"ன்னு கேட்கலாம். சரிதான். ஆனா "டெல்டா விவசாயிகளுக்கு மாற்று வருமானம்"னு முடிவுரையில எழுதினது நாமதானே? வாய்க்கால் கரையில தினம் 100 கிலோ நார் பதப்படுத்துற பட்டறையை நினைச்சுப் பாருங்க. கரைசலைத் திரும்பப் பயன்படுத்தினா சோடா குறையும். ஆனா எத்தனை தடவை தாங்கும்னு நாங்க அளக்கவே இல்லை.

5 சதவீதம்ங்கிறது எங்களுக்குப் பழக்கமே தவிர, தேவை இல்லை. சோடா கூடினா செல்லுலோசே சிதைஞ்சு நார் பலவீனமாகும். ஒட்டு ரொம்ப இறுகினாலும் இம்பாக்ட் மதிப்பு சில சமயம் இறங்கும். நார் உருவி வரும்போதும் அடியோட வேகத்தைக் கொஞ்சம் வாங்கிக்குதே. 1, 2 சதவீதத்துல பாருங்க. பழைய கரைசல்ல அடுத்த தொகுதியைப் போட்டுப் பாருங்க. எங்க தாத்தா வீட்டு மண்சுவருக்கு வைக்கோலைச் சேற்றோடு மிதிச்சு, சில நாள் புளிக்கவிட்டுத்தான் பூசுவாங்களாம். அதுவும் ஒருவகைப் பதப்படுத்தல்தான், சோடா இல்லாம.

எங்க ரிப்போர்ட் 64 பக்கம். இந்தத் தண்ணியைப் பத்தி அதுல இருந்தது ரெண்டே வார்த்தை: "நன்கு கழுவப்பட்டது". நீங்க எத்தனை லிட்டர் ஆச்சு, பிஎச் எவ்வளவு, எந்த அமிலத்தால் சரிக்கட்டினீங்க, கடைசியில எங்கே ஊத்தினீங்கன்னு ஒரு அட்டவணை போடுங்க. வைவாவில் யாரும் கேட்கலைன்னாலும் போடுங்க.