வாஞ்சூரில் நோய் நிற்காது

2020 ஜூன் 1-ம் தேதி ஊரடங்கைத் தளர்த்தியபோது தமிழ்நாடு அரசு மாவட்டங்களை எட்டு மண்டலங்களாகப் பிரித்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி, அரியலூர், பெரம்பலூர், கரூர், புதுக்கோட்டை எல்லாம் நான்காவது மண்டலம். மண்டலத்துக்குள் பஸ் ஓடும், இ-பாஸ் என்ற பயண அனுமதி வேண்டாம். கரூரில் கிளம்பியவர் யாரையும் கேட்காமல் நாகூர் வரை வரலாம். நாகூரை ஒட்டினாற்போல வாஞ்சூர் சோதனைச்சாவடி. அதைத் தாண்டி, திருமலைராயன்பட்டினத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக மட்டும் அனுமதி வேண்டும். அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் காரைக்கால் பகுதி.

கொரோனா காலத்தில் போட்ட உத்தரவுகளில் எது சரி, எது தவறு என்று இப்போது உட்கார்ந்து தீர்ப்பு எழுதுவது சுலபம். யாருக்கும் எதுவும் தெரியாத நாட்கள் அவை. ஆனால் இந்த மண்டலக் கணக்கு நோயைப் பற்றிய அறியாமையால் வந்ததல்ல. வரைபடத்தில் வேறு நிறத்தில் இருந்த ஒரு துண்டு நிலத்தை, சென்னையில் கோடு போட்டவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. அடுத்த தொற்று வரும்போதும் அப்படித்தான் நடக்கும், இப்போதே எழுதி வைக்காவிட்டால். காரைக்காலும் அதைச் சுற்றியுள்ள நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களும் நோய்த்தடுப்பு நடவடிக்கைகளுக்கு ஒரே வட்டாரம் என்று தமிழ்நாடும் புதுச்சேரியும் எழுத்துபூர்வமாக ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

காரைக்கால் சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சம் பேர். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. தலைநகரான புதுச்சேரி 130 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே. அங்கே போய்ச் சேர சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டுக்குள்தான் பயணம். ஆக, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு மேல்சிகிச்சைக்காக அனுப்பப்படும் காரைக்கால் நோயாளி, தன் சொந்தத் தலைநகருக்குப் போகவே அடுத்த மாநிலத்தின் தயவை எதிர்பார்க்க வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கோ திருவாரூருக்கோ போவதென்றாலும் அதே கதைதான்.

அந்தப் பக்கத்து நிலைமையும் இதற்குக் குறைந்ததல்ல. மயிலாடுதுறை தனி மாவட்டமாக நடைமுறைக்கு வந்தது 2020 டிசம்பரில். அதுவரை நாகப்பட்டினம் மாவட்டம் இரண்டு துண்டாகக் கிடந்தது: வடக்கே சீர்காழி, தரங்கம்பாடி, தெற்கே நாகை, வேதாரண்யம். தரங்கம்பாடிக்காரர் தன் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக நேர்வழி காரைக்கால் கடைத்தெரு வழியாகத்தான். எல்லையை இறுக்கியபோது இறுகியது புதுச்சேரிக்காரர்களின் கழுத்து மட்டுமல்ல.

இ-பாஸுக்குத் தமிழ்நாடு முதலில் ஏற்றுக்கொண்ட காரணங்கள் திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம் ஆகியவை. கல்யாணப் பத்திரிகை அச்சடித்திருக்க வேண்டும், அல்லது யாராவது இறந்திருக்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் வயல் வைத்திருப்பது, கடை வைத்திருப்பது, நாகூரில் தையல் வேலைக்குப் போவது, வயதான தகப்பனாருக்குச் சோறு கொண்டுபோவது இவற்றுக்கெல்லாம் அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. ஒரே பேச்சுவழக்கு, ஒரே சந்தை, கொண்டான் கொடுத்தான் உறவுகள் என்று வாழும் ஊர்களில் எல்லை தாண்டுவது பயணமே இல்லை, அன்றாடம்.

மேற்கே அம்பகரத்தூர், நல்லம்பல் பக்கம் போய்ப் பார்த்தால் எல்லை எங்கே என்பதே ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால்தான் தெரியும். வயலுக்கு நடுவே ஒரு வரப்பு, ஒரு வாய்க்கால் கரை, அவ்வளவுதான். பெரிய சாலையில் தடுப்புக் கட்டையும் தகர டிரம்மும் வைத்து போலீஸ் நிற்கும்போது, வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவரை யார் தடுப்பது? தடுக்க முடியாது என்பதைவிட மோசமான விஷயம் ஒன்று இதில் உண்டு. சாவடி வழியாக வந்தால் பெயரும் கைபேசி எண்ணும் பதிவாகும், காய்ச்சல் பார்க்கப்படும், தேவைப்பட்டால் சளி மாதிரி எடுக்கப்படும். வரப்பு வழியாக வந்தவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நாளைக்கு அவருக்குத் தொற்று உறுதியானால் அவருடன் பழகியவர்களை எங்கே போய்த் தேடுவது? கதவை மூடினால் ஆள் வருவது நிற்பதில்லை, ஆளைப் பற்றிய தகவல் வருவதுதான் நிற்கிறது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதை ஒதுக்கிவிடவும் முடியாது. 2020 மே தொடக்கத்தில் மத்திய சுகாதாரத் துறை வெளியிட்ட பட்டியலில் காரைக்கால் பச்சை மண்டலம். எல்லையை இறுக்கியதால்தானே அந்தப் பச்சை என்று கேட்பார்கள். முதல் சில வாரங்களுக்கு அது உண்மையாகவே இருக்கலாம். அவகாசம் வாங்கித் தரும் என்ற அளவில் அடைப்புக்குப் பயன் உண்டு. ஆனால் அந்த நாட்களில் அடைபட்டிருந்தது காரைக்கால் மட்டுமல்ல, நாடே அடைபட்டுக் கிடந்தது. இரண்டாம் அலை வந்தபோது காரைக்காலையும் அது விட்டுவைக்கவில்லை.

மேற்கு ஆஸ்திரேலியா 2020 ஏப்ரலில் எல்லையை மூடி, 2022 மார்ச் வரை கட்டுப்பாட்டைத் தொடர்ந்து, பெருமளவு தப்பித்ததையும் சிலர் காட்டுகிறார்கள். அங்கே எல்லையில் இருப்பது பாலைவனம். அதே நாட்டில் நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் 2020 ஜூலையில் எல்லையை மூடின; 1919 ஸ்பானிஷ் காய்ச்சலுக்குப் பிறகு அப்போதுதான் முதல் தடவை. முர்ரே ஆற்றின் இரு கரையிலும் ஒட்டிப் பிறந்தாற்போல இருக்கும் ஆல்பரி, வொடோங்கா ஊர்களுக்கு ஒரே மருத்துவ நிர்வாகம். அங்கே எல்லையோர மக்களுக்கென்று தனி அனுமதி ஏற்பாட்டைச் செய்துதான் ஆக வேண்டியிருந்தது. காரைக்காலுக்கு ஒப்பு மேற்கு ஆஸ்திரேலியா அல்ல, ஆல்பரிதான்.

நம் பக்கத்திலேயே பாடங்கள் கிடக்கின்றன. 2020 மார்ச்சில் கர்நாடகம் காசர்கோடு எல்லைச் சாலைகளில் மண்ணைக் கொட்டி மூடியது. காலங்காலமாக மங்களூர் மருத்துவமனைகளை நம்பியிருந்த காசர்கோடு நோயாளிகள் சிலர் சிகிச்சை கிடைக்காமல் இறந்தார்கள். கேரள உயர் நீதிமன்றம் ஏப்ரல் 1-ல் உத்தரவிட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகே நோயாளிகளுக்கு வழி திறக்க உடன்பாடு வந்தது. அதே ஏப்ரல் கடைசியில் வேலூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லைச் சாலைகளின் குறுக்கே சுவரே எழுப்பினார்கள். எதிர்ப்பு வந்ததும் இடித்தார்கள். ஜூனில் டெல்லி தன் எல்லைகளை மூடியபோது, தலைநகர் வட்டாரம் முழுவதற்கும் பொதுவான ஏற்பாடு ஒன்றைக் காணச் சொன்னது உச்ச நீதிமன்றம். டெல்லிக்கும் நொய்டாவுக்கும் பொருந்துகிற நியாயம் காரைக்காலுக்கும் நாகூருக்கும் பொருந்தாதா?

சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருந்தாலும், மாநிலங்களுக்கு இடையேயான தனிமைப்படுத்தல் மத்தியப் பட்டியலின் 81-வது இனம். மத்திய அரசு 2020 ஜூலை 29-ல் மாநிலம் விட்டு மாநிலம் போக அனுமதி எதுவும் தேவையில்லை என்று அறிவித்தது. மாநிலங்கள் கேட்கவில்லை என்று ஆகஸ்ட் 22-ல் உள்துறைச் செயலர் நினைவூட்டுக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. தமிழ்நாடு மாவட்டங்களுக்கு இடையேயான இ-பாஸை எடுத்தது செப்டம்பர் 1-ல்தான். வெளிமாநிலத்தாருக்கு அது தொடர்ந்தது. 2021 மார்ச்சில் புதுச்சேரிக்கு விலக்கு இருந்தது. மே 17-ல் இ-பதிவு என்று வேறு பெயரில் திரும்பியது. ஜூலை 12-ல் வெளிமாநில பஸ்களில் புதுச்சேரிக்கு மட்டும் அனுமதி. புதுச்சேரியைப் பக்கத்து வீடாகப் பார்க்க வேண்டும் என்ற புத்தி தமிழ்நாட்டுக்கு இருந்தது என்பதற்கு இந்த விலக்குகளே சாட்சி. ஆனால் விதி என்று ஒன்று இல்லாததால் ஒவ்வொரு தடவையும் சலுகையாக வந்து, சலுகையாகவே போனது.

இரு அரசுகளும் நினைத்தால் எல்லையை எவ்வளவு நுணுக்கமாகக் கையாள முடியும் என்பதற்கு ஒரு சான்றும் உண்டு. அது மதுபானம். 2020 மே 25-ல் மதுக்கடைகளைத் திறந்த புதுச்சேரி, கொரோனா வரி என்று ஒன்றைப் போட்டு, விலையைத் தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக்கியது. மலிவு தேடி வரும் கூட்டம் இல்லாமல் போக வேண்டும் என்பது நோக்கம். தடுப்புக் கட்டை போடாமலே கூட்டத்தைக் குறைக்கும் யோசனை, பாராட்டலாம். பாட்டிலுக்குச் செலவழித்த அந்த யோசனையில் பாதியை டயாலிசிஸ் நோயாளிக்குச் செலவழித்திருக்கலாம். காவிரி நீரிலும் அப்படித்தான். காரைக்கால் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7 டி.எம்.சி. என்று நடுவர் மன்றத் தீர்ப்பில் எழுதியிருக்கிறது, உச்ச நீதிமன்றமும் 2018-ல் அதை உறுதிசெய்தது. வாய்க்காலில் வரும் தண்ணீருக்கு ஆவணம் உண்டு. ஆம்புலன்ஸுக்கு இல்லை.

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, புதுச்சேரி நலவழித்துறை பொது சுகாதார அவசரநிலை அறிவித்தது. அப்போது நோயை அடக்கியது எல்லைச் சாவடி அல்ல. குடிநீரில் குளோரின், உடைந்த குழாய்களில் பழுதுவேலை, வீடு வீடாக உப்புச்சர்க்கரைக் கரைசல். காலரா வேறு, கொரோனா வேறு என்பது தெரிந்ததுதான். ஆனாலும் அண்டை மாவட்டங்களுக்கு அன்று தேவைப்பட்டதும் தகவல்தான், தடுப்புக் கட்டை அல்ல.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை பெரிய ரகசியம் இல்லை. காரைக்கால் அரசுப் பொது மருத்துவமனை மருத்துவர் எழுதித்தரும் பரிந்துரைக் கடிதமே தமிழ்நாட்டுச் சாவடிகளில் அனுமதிச் சீட்டாகச் செல்ல வேண்டும்; நாகை, தஞ்சை மருத்துவர்களின் கடிதம் இந்தப் பக்கமும் செல்ல வேண்டும். எல்லையோர கொம்யூன்களிலும் ஒன்றியங்களிலும் வசிப்பவர்களுக்கு ஆதார் முகவரியே போதும் என்றாக வேண்டும். கட்டுப்பாட்டுப் பகுதி என்று வட்டம் போட நேர்ந்தால் நோயாளி இருக்கும் தெருவைச் சுற்றிப் போடட்டும், அந்த வட்டம் எல்லையைத் தாண்டினாலும் சரி. ஓர் ஊரில் 14 நாள் தனிமையில் இருந்தவரை மறுபக்கம் மீண்டும் 14 நாள் உட்கார வைக்கக் கூடாது. காரைக்கால் நலவழித்துறையும் மூன்று மாவட்டங்களின் சுகாதார அதிகாரிகளும் பரிசோதனை முடிவுகளை அன்றன்றே பகிர்ந்துகொள்வதைக் கட்டாயமாக்க வேண்டும். இது ஒன்று நடந்தாலே பாதிச் சாவடிகள் தேவைப்படாது.

1897-ம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தை மாற்றியமைக்கச் சொல்லி சட்ட ஆணையம் 2024 பிப்ரவரியில் தன் 286-வது அறிக்கையைக் கொடுத்திருக்கிறது. புதிய சட்டம் எழுதுபவர்கள், மாநிலத்துக்குள் மாநிலமாகக் கிடக்கும் காரைக்கால், மாஹே, ஏனாம் போன்ற பகுதிகளுக்குத் தனிப் பிரிவு ஒன்று சேர்க்க வேண்டும். டெல்லியில் அது நடக்கும் வரை இங்கே காத்திருக்க வேண்டியதில்லை. முதல் கூட்டத்தை நாகப்பட்டினம், காரைக்கால் ஆட்சியர்கள் இந்த மாதமே கூட்டலாம். நாகப்பட்டினம் ஆட்சியரகத்துக்கும் காரைக்கால் ஆட்சியரகத்துக்கும் இடையே இருப்பது சுமார் 20 கிலோமீட்டர்தான்.