மின்சார பஸ்ஸும் டிப்போவும்

சென்னை நகரத்தில் 2025-ம் வருஷம் ஜூன் மாதம் 30-ந் தேதி வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சார பஸ்களும், அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பெரும்பாக்கம் டிப்போவிலிருந்து 135 மின்சார பஸ்களும் ஓட ஆரம்பித்தன. தளம் தாழ்ந்த வண்டிகளாதலால் கிழவர்களும், கர்ப்ப ஸ்திரீகளும், நொண்டிகளும் பிறர் கைத்தாங்கல் இல்லாமலே ஏறக்கூடியவைகளாய் இருக்கின்றன. புகை இல்லை, இரைச்சலும் குறைவு. தொழிலாளர்கள் நெருங்கி வாழும் வடசென்னையிலிருந்து முதல் வண்டிகள் புறப்பட்டதும் மெச்சத்தக்க காரியமேயாகும். இவைகளை நாம் மனப்பூர்வமாய் வரவேற்கிறோம்.

ஆனால் இதைப்பற்றி நம் ஜனங்கள் பேசுகிற பேச்சைத்தான் நம்மால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வர்ணம் என்ன, குளிர்சாதனம் உண்டா, யார் கொடி அசைத்தார்கள் என்பதே பேச்சாயிருக்கிறதே தவிர, அந்த பஸ் இரவில் எங்கே நின்று, எதைக் குடித்து, காலையில் எப்படிப் புறப்படுகிறது என்று கேட்பவர் மிகச் சிலரே. உழவு மாடு வாங்குகிறவன் கொட்டகையையும் தீவனத்தையும் பற்றி யோசிக்காமல் கொம்புக்கு மாத்திரம் வர்ணம் பூசிக்கொண்டிருந்தால் அவனை நாம் என்னவென்று சொல்லுவோம்? கொம்புக்கு வர்ணம் பூசுவது சுலபம். கொட்டகை கட்டுவதுதான் கஷ்டம். டிப்போதான் மின்சார பஸ்ஸுக்குக் கொட்டகை.

மின்சாரத்தில் ஜனங்கள் பிரயாணம் செய்வது நேற்று முளைத்த அதிசயமல்ல. இதே சென்னையில் 1895-ம் வருஷத்திலேயே மின்சார டிராம் ஓடியிருக்கிறது. அது 1953-ம் வருஷம் நின்று போயிற்று. டிராமுக்குப் பாதை நெடுகிலும் மின்சாரம் கூடவே வந்தது. பஸ்ஸுக்கோ அப்படியில்லை. அது ஒரு நாளைக்கு வேண்டிய மின்சாரத்தை பாட்டரியில் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஆகவே டிராமுக்குப் பாதை முழுவதும் இருந்த வேலை, பஸ்ஸுக்கு டிப்போ என்னும் ஒரே இடத்தில் வந்து குவிகிறது.

இதைக் கணக்குப் போட்டே பார்ப்போம். பெரிய பஸ் ஒன்று ஒரு கிலோமீட்டர் ஓடச் சுமார் ஒரு யூனிட் மின்சாரமாவது செலவாகும். நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓடினால் 200 யூனிட். நூறு பஸ் உள்ள டிப்போவுக்கு ஓர் இரவில் 20,000 யூனிட். தினம் 5 யூனிட் செலவழிக்கும் 4,000 வீடுகள் ஒரு நாள் முழுதும் உபயோகிக்கும் மின்சாரம் இது! இரவு 11 மணிக்குத் திரும்புகிற பஸ் விடியற்காலை 4 மணிக்குக் கிளம்ப வேண்டுமானால் இவ்வளவையும் 5 மணி நேரத்தில் ஏற்றியாக வேண்டும். அதாவது 4,000 கிலோவாட் இடைவிடாமல் வந்து கொண்டிருக்க வேண்டும். தெருக்கம்பத்திலிருந்து ஒரு கம்பியை இழுத்து முடிக்கும் வேலையா இது? உயர்ந்த அழுத்தக் கம்பி தனியாக வர வேண்டும்; டிரான்ஸ்பார்மர்கள் வேண்டும்; தரைக்கடியில் கேபிள் போட வேண்டும்; டிப்போவுக்குள்ளேயே ஒரு சிறு மின்நிலையம் வேண்டும்.

மேலும், டீஸல் பஸ்ஸுக்குச் சில நிமிஷத்தில் டாங்கி நிரம்பிவிடும். ஒன்றன்பின் ஒன்றாய் வந்து பிடித்துக்கொண்டு ஓரமாய்ப் போய் முட்டிக்கொண்டு நிற்கலாம். மின்சார பஸ்ஸோ நின்ற இடத்திலேயே வெகுநேரம் கேபிள் மாட்டியிருக்க வேண்டும். ஆதலால் ஒவ்வொரு வண்டிக்கும் கேபிள் எட்டும்படியும், ஒன்று கிளம்பும்போது மற்றொன்று மறிக்காதபடியும் இடம் வகுக்க வேண்டும். பழைய டிப்போவில் நின்ற அத்தனை வண்டியும் அதே இடத்தில் நிற்கும் என்று எண்ணுவது ஜோசியக் கணக்கேயாகும்.

இதிலும் புத்தியாய்ச் செய்வதற்கும் முட்டாள்தனமாய்ச் செய்வதற்கும் பெருத்த வித்தியாசமுண்டு. நூறு பஸ்ஸிலும் பஸ்ஸுக்கு 120 கிலோவாட் வீதம் ஏககாலத்தில் மின்சாரம் ஏற்றினால் 12,000 கிலோவாட் இழுக்கும். முறை வைத்து ஏற்றினால் 4,000-த்திலேயே காரியம் முடியும். உயர் அழுத்த மின்சாரம் வாங்குகிறவர்களுக்கு யூனிட் விலையோடு, அதிகபட்சம் எவ்வளவு இழுத்தார்கள் என்பதற்கும் தனிக் கட்டணம் உண்டு. முறை வைக்கத் தெரியாத டிப்போ அந்தப் பணத்தை யார் தலையில் கட்டும்? நம் தலையில்தான். சூரிய வெளிச்சமுள்ள மணிகளில் மின்சார விலையைக் குறைத்தும், ஜனங்கள் அதிகம் உபயோகிக்கும் மணிகளில் கூட்டியும் வைக்கும்படி இந்திய சர்க்கார் 2023-ம் வருஷத்தில் விதி செய்திருக்கிறது. மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் நிற்கும் வண்டிகளுக்கு அப்போதே ஏற்றிக்கொள்ள ஏற்பாடிருந்தால், விலையும் குறையும், இரவின் பாரமும் குறையும்.

நிற்க, இக்காரியத்தையே ஆட்சேபிக்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். "நிலக்கரியை எரித்துத்தானே மின்சாரம் வருகிறது? பஸ்ஸின் புகையைக் கொண்டுபோய்ப் புகைபோக்கியில் விடுவதுதானே இது?" என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. எண்ணூர் பக்கத்தில் வசிக்கிறவனுக்கு அந்தப் புகைபோக்கி தூரத்திலில்லை, கொல்லைப்புறத்திலேயே இருக்கிறது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் டீஸல் என்ஜின் தான் குடிக்கும் எண்ணெயின் சக்தியில் பெரும்பாகத்தைச் சூடாகவே வீணாக்கிவிடுகிறது. மின்சார மோட்டாரோ பெற்றதில் பத்தில் ஒன்பது பாகம்போல் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. டீஸல் பஸ் ஆயுள் உள்ளவரை டீஸல்தான் குடிக்கும். மின்சார பஸ்ஸோ இன்றைக்கு நிலக்கரியிலும், நாளைக்கு ஆரல்வாய்மொழிக் காற்றிலும் ஓடும். பஸ்ஸில் ஓர் ஆணியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. ஆகவே நிலக்கரியைக் குறை என்று கேட்பது நியாயம். அதற்காக பஸ்ஸை நிறுத்து என்பது நியாயமாகாது.

அதுபோலவே, "டிப்போக் கூரையில் சூரியத்தகடு போட்டுவிட்டால் எல்லாம் இலவசம்" என்று சொல்லுகிறவர்களின் பேச்சையும் நம்பாதீர்கள். பத்தாயிரம் சதுர மீட்டர் கூரையில் 1,000 கிலோவாட்டுக்குத் தகடு போட்டால் நாளொன்றுக்குச் சராசரி 4,000 யூனிட் கிடைக்கும். நாம் முன் சொன்ன தேவையில் இது ஐந்தில் ஒரு பாகம். அவசியம் போட வேண்டியதுதான். ஆனால் ஐந்தில் ஒன்றை ஐந்துக்கு ஐந்து என்று சொல்லுவது ஏமாற்றுதலாகும்.

இனி, "மழை பெய்தால் ஷாக் அடிக்கும்" என்று ஒரு பீதி. பஸ்களும் சார்ஜர்களும் மழையை உத்தேசித்தே செய்யப்படுகின்றன. ஆயினும் சென்னை 2015-லும் 2023-லும் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறந்துவிடக்கூடாது. டிரான்ஸ்பார்மரையும் சார்ஜரையும் வெள்ள மட்டத்துக்குமேல் மேடை கட்டி வைக்க வேண்டும், வடிகால் வேண்டும், சரியான எர்த்திங் வேண்டும், பாட்டரியில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று தொழிலாளிக்குப் பழக்கியிருக்க வேண்டும். நம் நாட்டிலோ புது வண்டி வந்தால் சக்கரத்துக்கடியில் நாலு எலுமிச்சம்பழமும், முன்னால் ஒரு பூசணிக்காயும் வைத்தால் ஆபத்து நீங்கிவிட்டதாகத் திருப்தியடைகிறோம். எலுமிச்சம்பழம் எர்த்திங் வேலையைச் செய்யுமா? பூசணிக்காய் வெள்ளத்தைத் தடுக்குமா? அந்தக் காய்க்குக் கொடுக்கும் கவனத்தைக் கேபிளுக்குக் கொடுத்தால் உயிராவது மிஞ்சும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது தொழிலாளியின் விஷயமாகும். சென்னையில் ஓடும் இந்த மின்சார பஸ்கள் ஒப்பந்தக் கம்பெனியின் வண்டிகள். டிரைவர் கம்பெனியைச் சேர்ந்தவர். கண்டக்டர் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தவர். ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கம்பெனிக்குப் பணம் கொடுக்கப்படுகிறது. டிப்போ நிலமோ பொதுஜனங்களுடையது. அப்படியானால், இத்தனை வருஷமாய் டீஸல் என்ஜினைக் கழற்றி மாட்டிக் கைதேர்ந்த கழக மெக்கானிக்கின் கதி என்ன? அவனுக்கு மின்சார வேலை கற்றுக்கொடுக்காவிட்டால், ஒப்பந்தம் முடியும் நாளில் டிப்போ நம்முடையதாயிருக்கும், வேலை தெரிந்தவன் நம்மிடம் இருக்கமாட்டான். பிறகு கம்பெனி கேட்ட விலையைக் கொடுத்தே ஆகவேண்டும். "படிக்காதவனுக்கு இது வராது" என்று சொல்லுகிறவர்களுக்கு நாம் சொல்லுவது, டீஸல் என்ஜினையும் இவன் தாய் வயிற்றிலிருந்து கற்றுக்கொண்டு வரவில்லை என்பதேயாகும்.

தோழர்களே! இது என்ஜினீயர்கள் சமாசாரம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். ஓர் இரவு டிப்போவுக்கு மின்சாரம் வராவிட்டால் மறுநாள் காலை காரில் போகிறவனுக்கு ஒரு நஷ்டமுமில்லை. நாலு மணி பஸ்ஸை நம்பியிருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும், மார்க்கெட்டுக்குப் போகும் கீரைக்காரிக்கும், சித்தாளுக்கும்தான் அன்றையக் கூலி போகும். 2021-ம் வருஷம் முதல் தமிழ்நாட்டில் ஸ்திரீகள் சாதாரண டவுன் பஸ்களில் கட்டணமில்லாமல் போகிறார்கள். அந்த பஸ் வராத நாளில் அவர்களுக்கு வேறு வண்டி ஏது?

நடக்கக்கூடியதா என்று சந்தேகிக்கிறவர்கள் சீன தேசத்து ஷென்ஜென் நகரத்தைப் பார்க்கட்டும். 2017-ம் வருஷ முடிவுக்குள் அங்கே 16,000-க்கு மேற்பட்ட பஸ்கள் அனைத்தும் மின்சாரத்துக்கு மாறிவிட்டன. மனிதர்கள் செய்த காரியம் மனிதர்களால் செய்யக்கூடியதே.

ஆகவே நாம் கேட்பது இவைதான். பஸ் வாங்குமுன் கம்பி வரட்டும். ஒரு லைன் கெட்டால் மற்றொன்று கை கொடுக்க, ஒவ்வொரு டிப்போவுக்கும் இரண்டு வழியில் மின்சாரம் வரட்டும். கழகத் தொழிலாளர்களுக்கு இப்போதே பயிற்சி கொடுக்கட்டும். டிப்போவுக்கு எவ்வளவு செலவாயிற்று, எத்தனை யூனிட் ஏறிற்று, எத்தனை டிரிப் தவறிற்று என்பதை மாதந்தோறும் டிப்போ வாசலிலேயே தமிழில் எழுதி வைக்கட்டும். சென்னையோடு நிற்காமல் மதுரைக்கும், திருச்சிக்கும், கிராமத்து டவுன் பஸ்ஸுக்கும் இது போய்ச் சேரட்டும். கொடியசைக்கும் நாளில் கை தட்டினால் மட்டும் போதாது. மறுநாள் டிப்போ வாசலில் போய்க் கணக்கும் கேளுங்கள்.