புல்லட் ரயிலும் திருநின்றவூர் லோக்கலும்

கையில் காசில்லாமல் கோயில் கட்டியவர் ஊர் திருநின்றவூர். பூசலார் நாயனார் மனசுக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்து, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தார் என்கிறது பெரியபுராணம். சென்னை - பெங்களூர் புல்லட் ரயிலும் இப்போதைக்கு அந்த ரகம்தான்! 2020-லேயே சென்னை - பெங்களூர் - மைசூர் 435 கிலோமீட்டர் தடத்தின் பெயர் அடிபட்டது. 2026 பிப்ரவரி பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் அறிவித்த ஏழு அதிவேகத் தடங்களில் சென்னை - பெங்களூரும் இருக்கிறது.

இதைக் கேட்டதும் ஊரில் வரும் முதல் கேள்வி, "நம்ம ஊர்ல நிக்குமா?" நிற்காது. நிற்கவும் கூடாது. 300 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய வண்டியைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நிறுத்தினால் அது புல்லட் ரயில் இல்லை, பாசஞ்சர். முதலில் பேசப்பட்ட நிறுத்தங்களில் பூந்தமல்லி இருந்தது. அதுவே இந்தப் பக்கத்துக்குப் போதும்.

ஆனால் காலையில் படியில் தொங்கிக்கொண்டு சென்ட்ரல் போகிறவருக்கு பெங்களூர் எதற்கு? அவருக்கு இதில் லாபம் உண்டா என்றால், உண்டு. புது ரயிலில் இல்லை, பழைய தண்டவாளத்தில்.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போன தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்த வழியாகத்தான் போனது. இன்று திருவள்ளூர் வரை நான்கு பாதைகள். அவற்றில்தான் லோக்கல், பெங்களூர், கோவை, கேரளா, மும்பை எக்ஸ்பிரஸ்கள், நடுவே கூட்ஸ். 2022 நவம்பரில் மைசூர் வந்தே பாரத்தும் சேர்ந்துகொண்டது. பெரம்பூர் ஐ.சி.எஃப்.-பில் செய்த நல்ல வண்டிதான், ஆனாலும் பெங்களூர் போக நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஒரே பாதையில் வேகமானதும் மெதுவானதும் கலந்து ஓடினால், வேகமான ஒன்றுக்கு வழிவிட மெதுவான இரண்டு மூன்று காத்திருக்க வேண்டும். மொத்தத்தில் ஓடக்கூடிய வண்டிகளே குறைந்துபோகும்.

ஜப்பான் 1964-ல் ஷின்கான்சென் விட்டது வெறும் வேக ஆசையில் இல்லை. டோக்கியோ - ஒசாகா பழைய பாதையில் இடமே இல்லாமல் போயிருந்தது. வேக வண்டிகள் தனிப்பாதைக்குப் போனதும் பழைய பாதையில் லோக்கலுக்கும் கூட்ஸுக்கும் மூச்சு விட இடம் கிடைத்தது.

இங்கேயும் அது நடக்குமா? தானாக நடக்காது. தேசிய ரயில் திட்டத்தின் முக்கிய இலக்கே 2030-க்குள் நாட்டின் சரக்குப் போக்குவரத்தில் 45 சதவீதத்தை ரயிலுக்குக் கொண்டுவருவதுதான். காலியாகும் நேரத்தை ரயில்வே யாருக்குக் கொடுக்கும்? டன் கணக்கில் காசு தரும் கூட்ஸுக்கா, சீசன் டிக்கெட்காரருக்கா? வியாபாரமாகப் பார்த்தால் பதில் தெரிந்ததுதான்.

காசு விஷயமும் சின்னதில்லை. மும்பை - அகமதாபாத் 508 கிலோமீட்டருக்கு முதல் மதிப்பீடு 1.08 லட்சம் கோடி ரூபாய். அது அங்கேயே நிற்கவில்லை. அதற்கு 0.1 சதவீத வட்டியில் 50 வருஷத்துக்கு ஜப்பான் கடன் கிடைத்தது. சென்னைக்கும் அப்படி ஒருவர் வருவாரா? நம்மைப் போலவே சுமார் 350 கிலோமீட்டர் தூரத்துக்கு தைவான் 2007-ல் விட்ட ரயில், விமானங்களையே ஓரங்கட்டியது. ஆனால் வட்டியும் தேய்மானமும் கம்பெனியைக் கவிழ்க்கப் பார்க்க, 35 வருஷ உரிமத்தை 2015-ல் 70 ஆக்கித்தான் காப்பாற்றினார்கள். டிக்கெட் விற்பனையை மட்டும் நம்பினால் இதுதான் கதி. பழைய பாதையில் கிடைக்கும் இடத்தையும் லாபக் கணக்கில் எழுதினால்தான் இந்தத் திட்டத்துக்கே நியாயம் பிறக்கும்.

ஆகவே எதிர்க்க வேண்டாம், சும்மா கைதட்டவும் வேண்டாம். ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூரில் மட்டும் நிற்கும் பாஸ்ட் லோக்கல் காலையிலும் மாலையிலும் எத்தனை கூடும் என்று திட்ட அறிக்கையிலேயே எண்ணாக எழுதித் தரச் சொல்லுங்கள். நிலம் கேட்டு அதிகாரிகள் பூந்தமல்லிக்கு வரும் நாளில், எங்கே நிற்கும் என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும்.