எட்டுக்கும் வளர உரிமை உண்டு

நாலாம் லெவல் வந்தவுடனே மேசையில் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எதில போடப் போறாய்?" இதற்கு ஒரேயொரு சரியான பதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறவர்களோடு எனக்கு இன்று ஒரு சண்டை.

விளையாடாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒவ்வொரு கரக்டருக்கும் ஆறு ஸ்கோர்கள்: பலம், சுறுசுறுப்பு, உடல் உறுதி, புத்தி, விவேகம், கவர்ச்சி. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் 4, 8, 12, 16, 19 ஆகிய லெவல்களில் இவற்றைக் கூட்டலாம். ஃபைட்டருக்கும் ரோகுக்கும் இன்னும் கொஞ்சம் கூடக் கிடைக்கும். ஒரு ஸ்கோரில் இரண்டு புள்ளி போடலாம், அல்லது இரண்டு ஸ்கோர்களில் ஒவ்வொரு புள்ளி. 20க்கு மேல் போக முடியாது.

இனி எங்கள் மேசையில் நடந்தது.

என் சித்தியின் மகளுக்கு வயது 14. அவளுடைய கரக்டர் ஒரு பார்பேரியன். பலம் 16, புத்தி 8. மூன்று மாதமாக, ஒவ்வொரு இடிந்த கோட்டையிலும் சுவரில் இருந்த பழைய எழுத்தை வாசிக்கப் பார்த்து, டைஸை உருட்டி, தோற்றுக்கொண்டே இருந்தாள். எங்களுக்கு அது பகிடி. அவளுக்கு இல்லை. கதையில் நாங்கள் முகாம் போட்ட ஒவ்வொரு இரவும் அவளுடைய பார்பேரியன் விசார்டிடம் போய் எழுத்துப் படித்தது. நாலாம் லெவலில் அவள் சொன்னாள்: "ரெண்டையும் புத்தியில போடுறன். எட்டு பத்தாகும்."

மேசையில் மூத்த அண்ணா ஒருவர் சிரித்தார். "தங்கச்சி, அது வேஸ்ட். பலத்தில போடு."

எழுதியதை அழித்துவிட்டுப் பலத்தில் போட்டாள். அடுத்த கிழமையிலிருந்து பார்பேரியன் விசார்டிடம் போகவில்லை. தன் முறை வந்தால் அவள் ஒரே வசனம்தான் சொல்வாள்: "நான் அடிக்கிறன்." நானும் அந்த மேசையில்தான் இருந்தேன். வாயே திறக்கவில்லை.

அண்ணா சொன்னதில் கணக்கு இருக்கிறது. சரி, அந்தக் கணக்கையே பார்ப்போம். பலம் 16 என்றால் டைஸோடு 3 கூட்டுவோம், 18 என்றால் 4. வித்தியாசம் ஒன்று. இருபது பக்க டைஸில் ஒன்று என்பது நூற்றுக்கு 5. அதாவது இருபது தரம் அடித்தால் ஒரு அடி கூடப் படும். படுகிற அடியில் ஒரு புள்ளி கூடும். எங்கள் மேசையில் ஓர் இரவுக்கு அவள் பத்துத் தரம் அடித்தாலே பெரிய விஷயம். இரண்டு கிழமைக்கு ஓர் அடி கூடப் படுவதற்காக மூன்று மாதக் கதையை வாங்கிக் குப்பையில் போட்டோம்.

"பலவீனமான ஆளால எல்லாரும் சாவம்" என்பார்கள். எந்த அரக்கனை அனுப்புவது என்று முடிவு எடுப்பது டன்ஜன் மாஸ்டர்தானே? அவருக்கு எங்கள் ஸ்கோர்கள் தெரியும். புத்தி 10 உள்ள விசார்டோடு வந்து எல்லா மந்திரத்தையும் கோட்டை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முக்கியமான ஸ்கோர் 16இல் இருந்தால் நாலாம் லெவலில் ஒருவரும் சாகமாட்டார்கள் என்றுதான் சொல்கிறேன்.

பிழை அண்ணாவில் மட்டும் இல்லை, விதியிலும் இருக்கிறது. லெவல் வந்தால் புள்ளி வரும். இடையில் நீ என்ன செய்தாய், எதில் தோற்றாய் என்று புத்தகம் கேட்காது. ஆனால் எல்லா விளையாட்டும் இப்படி இல்லை. 1978இல் வந்த ரூன்குவெஸ்ட்டில், பயன்படுத்தி வெற்றி பெற்ற திறமைக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் போடுவார்கள். பிறகு இப்போதுள்ள எண்ணை விடக் கூடுதலாக உருட்டினால் அந்தத் திறமை வளரும். குறைவாகத் தெரிந்தவருக்குக் கற்பது சுலபம், கெட்டிக்காரருக்குக் கஷ்டம். 1981இல் வந்த கால் ஆஃப் கதுலுவும் அதே வழி. 2012இல் வந்த டன்ஜன் வேர்ல்டில் உருட்டித் தோற்றால் அனுபவப் புள்ளியே கிடைக்கும்.

ஆகவே என் யோசனை இது. இரண்டு புள்ளியில் ஒன்றை விரும்பிய இடத்தில் போடுங்கள். மற்றதை, போன தடவைக்குப் பிறகு முயன்று தோற்ற ஏதாவது ஒன்றில் போடுங்கள். 17ஆலும் 9ஆலும் உடனே ஒரு பிரயோசனமும் இல்லை, உண்மைதான். எட்டாம் லெவலில் 18ம் 10ம் சேர்ந்தே வரும். பொறுத்திருக்கலாம்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவள் எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது பின்வாங்கில் சிரிப்பார்கள் என்று போன மாதம்தான் சொன்னாள். வாசிக்கப் பழகுகிற பார்பேரியனை அவள் ஏன் உருவாக்கினாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்களில் எத்தனை பேர் இப்படி ஒரு சிரிப்புக்குப் பயந்து எதையாவது விட்டிருக்கிறோம்? கணக்கு வரும் பிள்ளைக்குக் கணக்கு டியூஷன், பாட்டு வராத பிள்ளைக்கு "அதை விடு". வீட்டில் இது போதாதா? விளையாட்டிலுமா?

இந்த வெள்ளி இரவு அவளிடம் பென்சிலையும் அழிறப்பரையும் நானே கொடுக்கப்போகிறேன். அண்ணா சிரித்தால் இந்த முறை நான் கதைப்பேன்.